கிலோ என்ன விலை?

மீன் கடையோ காய்கறி வண்டியோ, நாம் கேட்கிற முதல் கேள்வி "கிலோ எவ்வளவு?" என்பதுதான். பேரம் அங்கே தொடங்கும். பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடவும் அந்த ஒரு பதில் போதும். சூப்பர் மார்க்கெட்டின் பருப்பு ரேக் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது. பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதைக் கொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. ஒரே தரத் துவரம் பருப்பு மூன்று பாக்கெட்டுகளில் இருக்கிறது: 750 கிராம் 139 ரூபாய், 900 கிராம் 162 ரூபாய், 1.2 கிலோ 222 ரூபாய். பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம் என்று பழகிய கை 1.2 கிலோவைத்தான் எடுக்கும். கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது 185 ரூபாய் 33 பைசா, இரண்டாவது 180 ரூபாய், மூன்றாவது 185 ரூபாய். நடுவில் இருப்பதுதான் மலிவு.

இந்தக் கணக்கைப் போடும் வேலை வாங்குகிறவருக்கு இருக்கக் கூடாது என்றுதான் மத்திய அரசு ஒரு விதியே கொண்டுவந்தது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகு விலை அந்த விதியால் வந்தது. ஆனால் அந்த விதிப்படி நம் மூன்று பாக்கெட்டுகளிலும் என்ன அச்சாகும் தெரியுமா? முதலாவதில் கிராமுக்கு 0.19 ரூபாய், இரண்டாவதில் கிராமுக்கு 0.18 ரூபாய், மூன்றாவதில் கிலோவுக்கு 185.00 ரூபாய். மூன்றும் சட்டப்படி சரி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது மலிவு என்று சட்டென்று சொல்ல, கணக்கு வாத்தியாருக்கும் ஒரு நிமிடம் ஆகும்.

ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் மளிகை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழிற்பட்டையில் இந்தச் சிக்கலின் பாரம் அதிகம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், ஒரகடத்தில் ரெனோ, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று நீளும் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் வெளியூர்க்காரர்கள். தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். பீகார், ஒடிசா, அசாம், ஜார்கண்டிலிருந்து வந்தவர்களும் பலர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். அப்படிப்பட்ட விடுதிகளில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு தயாராக வரும். மாத்தூர், பண்ருட்டி, சுங்குவார்சத்திரம் பக்கம் நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் மளிகை வாங்கியாக வேண்டும்.

அவர்களில் பலருக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை. உள்ளூர்க்காரருக்கு நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாம் ஆயில் லிட்டர் 25 ரூபாய். பலகையில் ஒரே அலகு, ஒரே விலை. அந்தப் பலகை இல்லாதவர்கள் ரேக்குகளை நம்ப வேண்டியிருக்கிறது. பஸ் இறக்கிவிட்ட களைப்போடு, கையில் பிடிக்கிற அளவுக்கு, பெரும்பாலும் சிறு பாக்கெட்டுகளாக வாங்குகிறார்கள். சிறு பாக்கெட்டில்தான் அலகு விலை மிகவும் மங்கலாக இருக்கிறது.

மொழியும் ஒரு தடை. மத்திய அரசின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டாய விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ இருந்தால் போதும்; மற்ற மொழிகள் விருப்பத்துக்கு விடப்பட்டவை. உசிலம்பட்டியிலிருந்து வந்த பெண்ணுக்கும் கோராபுட்டிலிருந்து வந்த இளைஞருக்கும் அந்த லேபிளில் பொதுவாகப் புரியக்கூடியது எண் ஒன்றுதான். அந்த எண்ணாவது நேராக இருக்க வேண்டாமா?

அளவுகள் எப்படிக் கலைந்தன

முன்பு நிலைமை வேறு. 1977-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் சில பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் கட்டி விற்க வேண்டும் என்று வரையறுத்திருந்தன. 2011 விதிகளின் இரண்டாம் அட்டவணையில் பருப்பு, தானியம், மாவு, ரவை, உப்பு, சமையல் எண்ணெய், காபி, டீ, பிஸ்கட், பிரெட், சோப்பு, பால் பவுடர் உட்பட 19 வகைப் பொருள்கள் இருந்தன. இரண்டு கம்பெனிகளின் அரைக் கிலோ பாக்கெட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் விலையைப் பார்த்தே முடிவு செய்யலாம். அளவே ஒப்பிட உதவியது.

2021 நவம்பர் 2-ஆம் தேதி அறிவிக்கையில் மத்திய அரசு அந்த அட்டவணையை நீக்கியது. எந்த அளவில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக அலகு விலையை அச்சிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2022 ஏப்ரல் 1 முதல் என்றார்கள். தேதி பலமுறை தள்ளிப்போயிற்று. கடைசியில் 2024 ஜனவரியில்தான், இனி கட்டாயம் என்று நுகர்வோர் விவகாரத் துறை உறுதியாகச் சொன்னது. இதில் என்ன நடந்தது என்பதை நுகர்வோர் பக்கம் நின்று பாருங்கள்: கையில் இருந்த பாதுகாப்பு போனது, மாற்றாகத் தருவதாகச் சொன்னது தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்தது.

அரைகுறை என்று சொல்வதற்குக் காரணம் விதியின் வாசகத்திலேயே இருக்கிறது. நிகர எடை ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கிராமுக்கு விலை. ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு விலை. திரவமானால் ஒரு லிட்டருக்குக் கீழே மில்லிலிட்டருக்கு, மேலே லிட்டருக்கு. எண்ணி விற்பவற்றுக்கு ஒன்றுக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் ரூபாயில், இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கி அச்சிட வேண்டும். சரியாக ஒரு கிலோ பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யும் அலகு விலையும் ஒன்றுதான் என்பதால் தனியாகப் போடத் தேவையில்லை.

இரண்டு தசமத்தில் மறையும் எட்டு ரூபாய்

கிராமுக்கு விலை சொல்லி அதை இரண்டு தசமத்தோடு நிறுத்துவதில் உள்ள கோளாறு சாதாரணமாகக் கண்ணில் படாது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரவை அரைக் கிலோ பாக்கெட் ஒன்று 23 ரூபாய், இன்னொன்று 27 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிராமுக்கு 0.046 ரூபாய். முழுமையாக்கினால் 0.05. இரண்டாவது 0.054 ரூபாய். அதையும் முழுமையாக்கினால் 0.05. கிலோவுக்கு 46 ரூபாய் ரவையும் 54 ரூபாய் ரவையும் லேபிளில் ஒரே விலை! உப்பிலும் இதே கதை: அரைக் கிலோ 13 ரூபாய்க்கும் 17 ரூபாய்க்கும் விற்கும் இரண்டு பாக்கெட்டுகளிலும் 0.03 என்றே அச்சாகும். கிலோவில் வித்தியாசம் 8 ரூபாய்.

கிராமுக்கு அரைப் பைசா என்பது கிலோவுக்கு 5 ரூபாய். இரண்டாம் தசமத்தில் முழுமையாக்கும்போது மேலே 5 ரூபாய், கீழே 5 ரூபாய் வரை கிலோ விலை நழுவலாம். கிலோ 800 ரூபாய் முந்திரிக்கு அது பெரிதில்லை. உப்பு, ரவை, மைதா, கோதுமை மாவு, சர்க்கரை போன்றவற்றில் அந்த 5 ரூபாய்க்குள்தான் ஒரு பிராண்டுக்கும் இன்னொரு பிராண்டுக்குமான வித்தியாசமே அடங்கியிருக்கிறது. ஆக, ஏழை வீட்டு அடுக்களையில் அன்றாடம் புழங்கும் பொருள்களில்தான் இந்த எண் அதிகமாகப் பிசகுகிறது. விதியை எழுதியவர்களுக்கு அந்த நோக்கம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் விளைவு அதுதான். எல்லாப் பாக்கெட்டிலும் கிலோவுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது.

இன்னொரு கோளாறு, லேபிளில் உள்ள அலகு விலை எம்.ஆர்.பி.யைக் கொண்டு கணக்கிட்டது என்பது. சூப்பர் மார்க்கெட்டில் பல பொருள்கள் எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் போகின்றன. ஒரு பிராண்டின் அரைக் கிலோ மிளகாய்த் தூள் எம்.ஆர்.பி. 150, ஆஃபரில் 105. மற்றொன்றின் எம்.ஆர்.பி. 120, ஆஃபரில் 114. லேபிளைப் பார்த்தால் முதலாவது கிராமுக்கு 0.30, இரண்டாவது 0.24, இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். பில்லில் முதலாவது கிலோ 210 ரூபாய், இரண்டாவது 228 ரூபாய். கடை நிஜமாக வாங்கும் விலைக்கு அலகு விலை சொல்லும் பொறுப்பு இன்று யாருக்கும் இல்லை. ரேக் ஓரத்தில் விலைச்சீட்டு செருகும் கடைக்காரர் அதில் கிலோ விலையைப் போட வேண்டும் என்று இந்த விதி கேட்கவில்லை.

800 பெரிதா, 750 பெரிதா?

எண்ணெய் ரேக்குக்கு வாருங்கள். ஒரு பாக்கெட்டில் 800, பக்கத்தில் 750. முதலாவது மில்லிலிட்டர், இரண்டாவது கிராம். சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அப்படியானால் 800 மில்லி என்பது 728 கிராம். 750 என்று போட்ட பாக்கெட்டில்தான் எண்ணெய் அதிகம். ஒரு லிட்டர் 150 ரூபாய், ஒரு கிலோ 160 ரூபாய் என்று இரண்டு டின்கள் இருந்தால், லிட்டர் டின்னின் விலை கிலோவுக்கு ஏறக்குறைய 165 ரூபாய் ஆகிறது. கிலோ டின்தான் லாபம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் நடந்துவந்தது. எண்ணெய் சூடானால் விரியும். அதனால் சில நிறுவனங்கள் இத்தனை டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு வந்தன. மத்திய அரசு தந்த கணக்கின்படி ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். 60 டிகிரி என்று போட்டுக்கொண்டால் லிட்டருக்கு 26 கிராம் குறைத்துக் கட்டலாம். 2022 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை இதைத் தடுத்தது: வெப்பநிலையைக் குறிப்பிடக் கூடாது, லிட்டரோடு எடையையும் போட வேண்டும், 2023 ஜனவரி 15-க்குள் லேபிள்களைத் திருத்த வேண்டும் என்றது. உருப்படியான உத்தரவு. இப்போது பாக்கெட்டில் கிராம் கணக்கையும் தேடிப் பார்க்கலாம். எண்ணெய் வாங்கும்போது மில்லியை மறந்துவிட்டுக் கிராமைப் பாருங்கள். நெய்க்கும் அதுவே. தேன் தண்ணீரை விடக் கனமானது என்பதால் அங்கே நேர்மாறு.

26 கிலோ மூட்டை வந்த வழி

அரிசியில் நடந்தது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவுக்கு மேல் போனால் அது பொட்டலப் பொருள் விதிகளின் வரையறைக்கு வெளியே, வரி கிடையாது. சில நாள்களிலேயே 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன. வரி மிச்சம் வாங்குகிறவருக்கும் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் விதிக்கு வெளியே போன மூட்டைக்கு அலகு விலை அச்சிடும் கட்டாயமும் இல்லாமல் போகிறது. 25 கிலோ மூட்டை ஒரு விலை, 26 கிலோ மூட்டை ஒரு விலை, 10 கிலோ பை ஒரு விலை. அறையில் ஐந்து பேர் பங்கு போட்டு மூட்டை வாங்கும்போது 26-ஆல் வகுக்க யாருக்கும் மனக்கணக்கு வராது. செல்போனைத்தான் எடுக்க வேண்டும்.

பத்து ரூபாய் அப்படியே இருக்கிறது, பாக்கெட் இளைக்கிறது

தொழிற்பேட்டை வாசல்களில் உள்ள பெட்டிக்கடையிலும் சரி, சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டர் ஓரத்திலும் சரி, 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகள்தான் அதிகம் போகும். இந்த விலைகளைக் கம்பெனிகள் லேசில் மாற்றுவதில்லை, எடையைத்தான் மாற்றுகின்றன. 2022-இல் மூலப்பொருள் விலை ஏறியபோது 10 ரூபாய் ஹல்திராம் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42 கிராம் ஆனதும், 10 ரூபாய் விம் பார் 155 கிராமிலிருந்து 135 கிராம் ஆனதும் செய்திகளில் வந்தன. கிலோவுக்குப் போட்டால் அந்த புஜியா 182 ரூபாயிலிருந்து 238 ரூபாய்க்கு ஏறியிருக்கிறது. பத்து ரூபாய் கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, இதே சிறு பாக்கெட்டுகளில் எடையைக் கூட்டித் தருவதாக நிறுவனங்கள் அறிவித்தன. கூட்டியதையும் குறைத்ததையும் சரிபார்க்க ஒரே வழி கிலோ விலைதான்.

ஷாம்பு பாக்கெட்டின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க வழி காட்டினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைச் சில்லறைக் காசுக்குக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. இன்றும் பல பிராண்டுகளில் பாட்டிலை விட பாக்கெட்டே மலிவு. ஒரு ரூபாய்க்கு 5 மில்லி கிடைத்தால் 100 மில்லி 20 ரூபாய். அந்த விலைக்குப் பாட்டில் கிடைக்குமா பாருங்கள். பெரிதாக வாங்கினால் மலிவு என்ற பொது நம்பிக்கை இங்கே உடைகிறது. ஆனால் 10 கிராம் அல்லது 10 மில்லிக்கு உட்பட்ட பாக்கெட்டுகளுக்கு விதிவிலக்கு இருப்பதால், அதில் அலகு விலையைத் தேட முடியாது.

மற்ற நாடுகளில் ரேக் பேசுகிறது

ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே ஒரு வழிகாட்டு ஆணை பிறப்பித்து, விற்பனை விலையோடு கிலோவுக்கோ லிட்டருக்கோ இவ்வளவு என்பதையும் காட்டச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பர் முதல் பெரிய மளிகைக் கடைகள் ரேக் சீட்டிலேயே அலகு விலையைப் போட வேண்டும். மளிகையில் பெரும்பாலானவற்றுக்கு 100 கிராம், 100 மில்லி என்பது பொது அலகு. 2018-இல் சர்வதேசத் தர அமைப்பு இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 21041 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. பிரிட்டனில் இதில் குழப்பம் இருந்தது: 2023-இல் அங்குள்ள போட்டி ஆணையம் ஆராய்ந்தபோது, ஒரே வகைப் பொருளுக்கு ஒரு சீட்டில் கிலோவுக்கும் இன்னொன்றில் 100 கிராமுக்கும் விலை போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. நம் விதி அந்தக் குழப்பத்தை லேபிளிலேயே கட்டாயமாக்கி வைத்திருக்கிறது.

நம் கடைகளால் முடியாத வேலை இல்லை இது. சூப்பர் மார்க்கெட்டில் உதிரியாக உளுந்து அள்ளித் தராசில் வைத்தால் வரும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கிலோ விலை, எடை, தொகை என்று மூன்றும் இருக்கும். கடையின் கம்ப்யூட்டருக்கு எல்லாப் பொருளின் எடையும் விற்பனை விலையும் தெரியும். ரேக் சீட்டில் இன்னொரு வரி அச்சிட்டால் போதும்: கிலோ இவ்வளவு. அதைத் தமிழில் அச்சிட்டால் இன்னும் நல்லது.

அதுவரை வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செல்போன் கால்குலேட்டரில் பில்லில் போடும் விலையை கிராமால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கிலோ விலை வந்துவிடும். 10 ரூபாய் பாக்கெட் என்றால் 10,000-ஐ கிராமால் வகுத்தால் போதும். 5 ரூபாய்க்கு 5,000. அலகு விலையே அச்சிடாத பாக்கெட்டோ, எம்.ஆர்.பி.க்கு மேல் பில்லோ கண்ணில் பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. ஆலைத் தொழிலாளரின் சம்பளத் தகராறைக் கவனிக்கும் அதே துறைதான் அவர் வாங்கும் பருப்புப் பாக்கெட்டின் லேபிளுக்கும் பொறுப்பு. தொழிற்சங்கங்கள் இதையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.

லேபிள் விதியைத் திருத்துவது டெல்லியின் வேலை. கிராம் கணக்கைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் கிலோ, லிட்டர் என்று மாற்ற ஓர் அறிவிக்கை போதும். அதற்காகத் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. அமுதம் அங்காடிகளும் காமதேனு, சிந்தாமணி போன்ற கூட்டுறவு அங்காடிகளும் அரசின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் ரேக்குகளில் கிலோ விலையைத் தமிழில் எழுதி வைக்க அரசாணைகூடத் தேவைப்படாது. ஒரு சுற்றறிக்கை போதும். அங்கே தொடங்கட்டும். பிறகு காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கடை உரிமையாளர்களை அழைத்துப் பேசி, இதையே அவர்களிடமும் கேட்க வேண்டும்.